பகலில் ஆக்சிஜன் நிறைவு, விடியலில் மீன்கள் மடிவு: எங்கள் ஏரி அளவீட்டில் பிழை எங்கே?

கரையோரன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஏரியின் நீர்த்தரத்தை ஒன்பது பேர் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக அளந்து வருகிறோம். எங்களில் யாரும் வேதியியல் படித்தவர் இல்லை. மூவர் விவசாயிகள், ஒருவர் ஏரியில் மீன் பிடிப்பவர், ஒருவர் பள்ளி ஆசிரியை, மற்றவர்கள் பல வேலை பார்ப்பவர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை பதினொரு மணியளவில், படகில் ஏரியின் ஆழமான இடத்துக்குச் சென்று வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், பிஎச் (அமில-காரத் தன்மை) ஆகியவற்றை அளந்து, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்கும் செக்கி வட்டை இறக்கித் தெளிவையும் குறித்துக்கொள்கிறோம். அந்த இடத்தில் ஆழம் ஏறத்தாழ ஐந்து மீட்டர். ஆக்சிஜன் மீட்டரின் சென்சாரை முழங்கை ஆழத்துக்கு நீரில் விட்டு, எண் நிலைத்த பிறகு எழுதுவது எங்கள் வழக்கம். மீட்டர் எங்களுக்கு நன்கொடையாக வந்த பழைய கருவி.

கடைசி நான்கு முறையும் ஆக்சிஜன் லிட்டருக்கு 11 முதல் 12.4 மில்லிகிராம் வரை இருந்தது. வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ், பிஎச் 9.1, செக்கி ஆழம் 60 சென்டிமீட்டர். ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது என்ற நம்பிக்கையில், கரையில் நாங்கள் வைத்திருக்கும் பலகையில் ‘நீரின் நிலை: நன்று’ என்று எழுதிவிட்டு வந்தோம். நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை விடியற்காலையில், மதகின் அருகே நூற்றுக்கும் மேற்பட்ட மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. அதற்கு முந்தைய இரண்டு நாளும் வானம் மூடியிருந்தது, காற்றே இல்லை. செய்தி கேட்டுப் பதினொரு மணிக்குப் படகை எடுத்துப் போய் அளந்தோம். அப்போதும் மீட்டர் 7 காட்டியது. மீன் சாகும் அளவு அது இல்லை என்றே நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம்.

‘நன்று’ என்று எழுதியவர்கள் யார் என்று ஊரில் எங்களைக் கேட்கிறார்கள். யாரோ பூச்சிமருந்தைக் கொட்டிவிட்டார்கள் என்று சிலரும், வயல்களிலிருந்து வரும் உரம்தான் காரணம் என்று சிலரும் பேசுகிறார்கள். இதனால் எங்கள் குழுவில் உள்ள விவசாயிகளில் இருவர் மனம் நொந்து ஒதுங்கி நிற்கிறார்கள். மீட்டர் பழுதா, எங்கள் முறை தவறா, மூன்று ஆண்டு அளவுகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையோம்.

நீர்வேதியன்:

வணக்கம் ஐயா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எதையும் அழிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

28 டிகிரி வெப்பமுள்ள நன்னீர், காற்றோடு சமநிலையில் இருக்கும்போது, லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் வைத்திருக்க முடியும். உங்கள் மீட்டர் 12.4 காட்டியிருக்கிறது, அதாவது அந்தச் சமநிலை அளவான பூரித நிலையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். இவ்வளவு ஆக்சிஜன் காற்றிலிருந்து வந்திருக்க வழியில்லை. நீருக்குள்ளேயே யாரோ தயாரிக்கிறார்கள், அது பாசி. வெயிலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடும்போதே நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்வதால் பிஎச் ஏறும். உங்கள் 9.1 அதைத்தான் சொல்கிறது. 60 சென்டிமீட்டர் தெளிவும் அதற்கு ஒத்துப்போகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று கருவிகள் ஒரே கதையைச் சொல்லும்போது, அவற்றுள் ஒன்று மட்டும் பழுது என்று நான் எளிதில் நம்பமாட்டேன்.

பகலில் ஆக்சிஜனைத் தரும் அதே பாசி இரவில் அதை எடுத்துக்கொள்கிறது. மீனும், நுண்ணுயிரும், அடிமண்ணில் அழுகும் பொருளும் சேர்ந்து இரவு முழுவதும் செலவு செய்ய, வரவு என்பது மேற்பரப்பில் காற்று கலப்பது மட்டுமே. ஆகவே பாசி மிகுந்த ஏரியில் ஆக்சிஜன் உச்சத்தைத் தொடுவது பிற்பகலில். அடிமட்டத்தைத் தொடுவது சூரியன் எழுவதற்குச் சற்று முன்பு. இரண்டு நாள் வானம் மூடியிருந்தால் பகல் வரவு குறைகிறது, இரவுச் செலவு குறைவதில்லை. காற்றும் வீசாவிட்டால் மேற்பரப்பின் வழியாக வரும் சிறு வரவும் நின்றுபோகிறது. நீங்கள் விவரித்த செவ்வாயும் புதனும் அப்படியே இருக்கின்றன. பதினொரு மணிக்குக் கிடைத்த 7 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். எனக்கு அது விளக்கமாகவே படுகிறது. வழக்கமாக அந்த நேரத்தில் 12 இருக்கும் ஏரி, அன்று பூரிதத்துக்கும் கீழே இருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு முன் எங்கே இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பூச்சிமருந்து என்ற சந்தேகத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிடக்கூடாது. ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும்போது பெரிய மீன்கள்தாம் பெரும்பாலும் முதலில் சாகும். விடியலில் அவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம். காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடிய விரால், கெளுத்தி போன்றவை தப்பிவிடும். நஞ்சாக இருந்தால் குஞ்சு மீன்கள் முதலில் போகும், தவளையும் நீர்ப்பூச்சியும் சேர்ந்து சாகும், நாளின் எந்த நேரத்திலும் அது நடக்கும். அன்று ஒதுங்கிய மீன்களின் அளவையும் வகையையும் பார்த்தவர்களிடம் விசாரித்து எழுதி வையுங்கள். மறந்துபோவதற்கு முன் எழுதுவது முக்கியம்.

மீட்டரைச் சோதிக்க மூன்று படிகள் போதும். சென்சாரின் சவ்வுக்கு அடியில் காற்றுக்குமிழோ கிழிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஈரப் பஞ்சு வைத்த மூடியில் சென்சாரைக் கால் மணி நேரம் வைத்து, அந்த வெப்பநிலைக்கு உரிய 100 விழுக்காட்டைக் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். உங்கள் ஏரி கடல் மட்டத்திலிருந்து உயரத்தில் இருந்தால் அதற்கான திருத்தமும் வேண்டும். கடைசியாக, சோடியம் சல்பைட் கரைத்த நீரில் வைத்தால் எண் சுழிக்கு அருகே இறங்க வேண்டும். பழைய சவ்வு வகைச் சென்சார் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்பதால், அளக்கும்போது அதை மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒளியியல் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலான சான்று, ஹங்கேரிய வேதியியலர் லாயோஷ் விங்க்லர் 1888இல் தந்த முறை. கண்ணாடி மூடியிட்ட 300 மில்லிலிட்டர் புட்டியைக் குமிழி புகாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடு-அசைடு கரைசலையும் அடியில் விட்டு மூடிக் கவிழ்த்தால், நீருக்குள் திரிதிரியாக ஒரு படிவு உருவாகும். ஆக்சிஜன் இருந்தால் அந்தத் திரி பழுப்பு நிறமாக இருக்கும். ஆக்சிஜனே இல்லையென்றால் பால் போல வெள்ளையாக நிற்கும். எண் எதுவும் கணக்கிடுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும் விடை அது. பிறகு கந்தக அமிலம் விட்டுக் கரைத்து, ஸ்டார்ச் சேர்த்துச் சோடியம் தயோசல்பேட்டால் நிறம் போகும் வரை தரம் பார்க்க வேண்டும், அதாவது அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு எவ்வளவு செலவாகிறது என்று அளக்க வேண்டும். 200 மில்லிலிட்டர் மாதிரிக்கு 0.025 நார்மல் செறிவுள்ள தயோசல்பேட்டைப் பயன்படுத்தினால், செலவான ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன் என்று நேரடியாகவே கணக்காகும். உங்கள் பள்ளி ஆசிரியை இதை எளிதில் பிடித்துக்கொள்வார். குழுவில் எல்லோருக்கும் பழக்கிவிட்டால் இன்னும் நல்லது.

ஒரு நாள் முழுவதும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, மேற்பரப்பிலிருந்து அடிவரை ஒவ்வொரு மீட்டர் ஆழத்திலும் அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு யாரும் உங்களிடம் மீட்டர் பழுதா என்று கேட்கமாட்டார்கள்.

துடுப்பு:

நீர்வேதியன் ஐயா சொன்ன காரணத்தை முழுவதும் ஏற்கிறேன். விங்க்லர் முறையைக் குழுவில் எல்லோருக்கும் பழக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கரைசல்களில் ஒன்று கடுங்காரம், அதிலேயே அசைடு என்னும் நஞ்சு. மற்றொன்று அடர் கந்தக அமிலம். ஆடும் படகில் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அவற்றைக் கையாளுவதை நான் பார்த்திருக்கிறேன்; இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை. ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டு, கரையில் உட்கார்ந்து, மீட்டரைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தட்டும்.

நான் பதினான்கு ஆண்டுகளாக வேறோர் ஏரியில் இதே வேலையைச் செய்கிறேன். எங்கள் கருவிகளில் பழுதானவை சில. எங்கள் பழக்கங்களில் பழுதானவை பல. ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் செக்கி வட்டை நைலான் கயிற்றில் கட்டி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு என்று குறியிட்டிருந்தோம். மூன்று ஆண்டுகளில் நீரின் தெளிவு சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போனது. நாங்களும் கவலையோடு அறிக்கை எழுதினோம். ஒரு நாள் யாரோ விளையாட்டாக ஈரக் கயிற்றைத் தரையில் நீட்டி டேப் வைத்து அளந்தபோது, 2 மீட்டர் என்ற முடிச்சு 2 மீட்டர் 11 சென்டிமீட்டரில் இருந்தது. கயிறு நீண்டுகொண்டே போயிருக்கிறது. முடிச்சை நம்பிய நாங்கள் உண்மையான ஆழத்தைக் குறைத்துக் குறைத்து எழுதியிருக்கிறோம். ஏரி கெட்டதில் ஒரு பகுதி ஏரியில் நடக்கவே இல்லை, கயிற்றில் நடந்தது. அன்றிலிருந்து நீளாத நாடாவை வட்டில் கட்டி, பருவத்துக்கு ஒருமுறை நனைத்து அளந்து பார்க்கிறோம்.

வட்டைப் பயன்படுத்துவதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. இத்தாலியப் பாதிரியாரும் வானியலருமான ஆஞ்சலோ செக்கி 1865இல் போப்பின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் இறக்கிப் பார்த்த வெள்ளை வட்டுகளின் வழித்தோன்றல் இது. கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பகுதியாக வண்ணம் பூசியது 1899இல் அமெரிக்கரான விப்பிள் செய்த மாற்றம். ஏரிகளுக்கு 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டு வழக்கத்தில் நிலைத்துவிட்டது. வெயில் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். படகின் நிழல் விழும் பக்கத்தில் இறக்க வேண்டும். கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எழுத வேண்டும். வட்டு மறைவதற்கு முன்பே தரையைத் தொட்டுவிட்டால் அந்த ஆழத்தைத் தெளிவு என்று எழுதாமல், ‘தரை தெரிந்தது’ என்று எழுத வேண்டும். கூடுமானவரை ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

உங்கள் 60 சென்டிமீட்டருக்கு ஒரு பொருள் சொல்ல முடியும். ஏரி ஆய்வாளர் ராபர்ட் கார்ல்சன் 1977இல் தந்த ஊட்டநிலைக் குறியீட்டில் தெளிவு 4 மீட்டர் என்றால் 40, 2 மீட்டர் என்றால் 50, 1 மீட்டர் என்றால் 60. தெளிவு பாதியாகக் குறையும்போதெல்லாம் குறியீடு பத்து ஏறும். உங்கள் ஏரி 67 அளவில் வரும். ஊட்டச்சத்து மிகுந்துவிட்ட ஏரி என்று பொருள். ஆனால் கலங்கலுக்குக் காரணம் பாசியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். மழைக்குப் பின் வந்த செம்மண் கலங்கலுக்கு இதே எண்ணைப் போட்டால் கணக்கு கேலிக்கூத்தாகிவிடும்.

பாசியா, மண்ணா என்று பார்க்க ஒரு கண்ணாடிச் சாடி போதும். முக்கால் பாகம் ஏரிநீரை நிரப்பி, அசைக்காமல் ஓரிரவு வைத்துவிடுங்கள். மண் அடியில் படியும். பச்சைப் பாசி நீரிலேயே பரவி நிற்கும் அல்லது மெல்ல இறங்கும். பெயின்ட் சிந்தியது போல மேலே பச்சை ஏடு கட்டினால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உண்மையில் அது பாசியே அன்று, பாக்டீரியா வகை. அதில் சில இனங்கள் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் போன்ற நஞ்சுகளை உண்டாக்கும். குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் நெடுங்காலம் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1998இல் வரம்பு சொன்னது. கொதிக்க வைத்தால் இந்த நஞ்சு அழியாது. உயிரணுக்கள் உடைந்து நீரில் இன்னும் கூடுதலாகக் கலக்கும். சாடிச் சோதனை ஏடு கட்டுவதை மட்டுமே காட்டும், நஞ்சு இருக்கிறதா என்று காட்டாது. ஏடு கட்டினால் ஆய்வகம் பார்க்கும் வரை கால்நடைகளை அந்தக் கரையில் இறக்க வேண்டாம். வெறுங்கையால் அள்ளவும் வேண்டாம்.

பலகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘நன்று’ என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்ல ஒரு மேற்பரப்பு அளவு போதாது. எண்ணையும் அதன் பக்கத்தில் நேரத்தையும் ஆழத்தையும் எழுதுங்கள். நேரமும் ஆழமும் இல்லாத ஆக்சிஜன் எண்ணை என் நோட்டில் நான் ஏற்பதே இல்லை. இரவு அளவீட்டுக்குப் போகும்போது படகில் இருவர் இருக்க வேண்டும், இருவரும் மிதவைச் சட்டை அணிந்திருக்க வேண்டும், கரையில் ஒருவர் விளக்கோடு விழித்திருக்க வேண்டும்.

கரையோரன்:

இருவருக்கும் மிக்க நன்றி. விசாரித்தேன்: செத்தவை பெரும்பாலும் பெரிய கெண்டைகள்; தவளைகள் எதுவும் சாகவில்லை. எங்கள் மீன் பிடிக்கும் நண்பர் இன்னொன்றும் சொன்னார். விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதை இரண்டு ஆண்டுகளாகவே அவர் பார்த்து வருகிறாராம். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ‘உங்கள் தாளில் அதற்குக் கட்டம் இல்லையே’ என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

வரும் வாரம் ஒரு நாள் முழுவதும் அளக்கப் போகிறோம். அதற்கு முன் ஒரு கேள்வி. பாசி இவ்வளவு வளர உரம்தான் காரணம் என்றால், அந்த உரம் எங்கிருந்து வருகிறது என்பதை எங்களைப் போன்றவர்களால் கண்டுபிடிக்க முடியுமா? குழுவை விட்டு விலகி நிற்கும் இருவருக்கும் என்ன பதில் சொல்வது?

வாய்க்கால்:

நானும் விவசாயிதான், எங்கள் பகுதி ஏரிக் குழுவிலும் இருக்கிறேன். ஆகவே அந்த இருவரின் மனம் எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது ‘எங்களுக்கு இன்னும் தெரியாது’ என்பதே. அது சமாதானப் பேச்சு அன்று, உண்மை. ஏரியின் நடுவில் எடுத்த எண் ஏரியின் நிலையைச் சொல்லும். சத்து எந்த வழியாக வந்தது என்று சொல்லாது.

நன்னீர் ஏரிகளில் பாசியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய சிற்றேரிகளில் ஒன்று 226 என்ற எண்ணுள்ள ஏரி. இடுப்பு ஒடுங்கிய வடிவம் கொண்டது. டேவிட் ஷிண்ட்லரின் குழு 1973இல் அந்த இடுப்பில் திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள்; மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்து இட்டார்கள். பாஸ்பரஸ் இட்ட பக்கம் மட்டும் பச்சையாகிப்போனது. மேலிருந்து எடுத்த படத்தில் திரை எங்கே இருக்கிறது என்று கோடு போட்டதுபோலத் தெரியும். ஆழமில்லாத சில ஏரிகளில் நைட்ரஜனும் கட்டுப்படுத்தும் என்பது வேறு வாதம். தொடங்குவதற்குப் பாஸ்பரஸ் போதும்.

இதில் அளவுகள் மிகச் சிறியவை. கார்ல்சன் கணக்கில் லிட்டருக்கு 24 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே குறியீடு 50ஐத் தொட்டுவிடும். ஆகவே மாதிரி எடுப்பதில் விரல் பட்டாலும் பிழை. முதன்முறை நாங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பிய புட்டிகளில், சும்மா ஒரு சோதனைக்காக, காய்ச்சி வடித்த நீரை ஒரு புட்டியில் நிரப்பி மற்றவற்றோடு கலந்து அனுப்பினோம். ஒன்றுமே இருக்கக்கூடாத அந்தப் புட்டியில் ஏரிநீரைவிட அதிக பாஸ்பரஸ் இருப்பதாக முடிவு வந்தது. ஆய்வகத்தைக் குறை சொல்லக் கிளம்பினோம். பிறகு விசாரித்தால், எங்களில் ஒருவர் அக்கறையோடு எல்லாப் புட்டிகளையும் சலவைத்தூள் போட்டுக் கழுவியிருந்தார். அந்தத் தூளில் பாஸ்பேட் இருந்திருக்கிறது. அந்தத் தொகுப்பு முழுவதையும் தள்ளிவிட்டோம். இப்போது ஆய்வகமே அமிலத்தால் கழுவித் தரும் புட்டிகளை மட்டும் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு வெற்று மாதிரியும், பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரே இடத்தில் எடுத்த இரட்டை மாதிரியும் அனுப்புகிறோம். இரட்டையர்களின் எண்கள் ஒத்துவராவிட்டால் மற்ற எண்களையும் நம்புவதில்லை.

எங்கிருந்து வருகிறது என்று தெரிய, ஏரிக்குள் வரும் ஒவ்வொரு வாய்க்காலின் வாயிலும் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும். அடர்த்தி மட்டும் போதாது, ஓட்டத்தையும் அளக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால்தான் எவ்வளவு சத்து உள்ளே போகிறது என்று தெரியும். மெலிதாக ஓடும் சாக்கடையில் அடர்த்தி பத்து மடங்கு இருந்தாலும், வெள்ளமாக வரும் வாய்க்கால் மொத்தத்தில் அதை மிஞ்சிவிடலாம். தலைகீழாகவும் இருக்கலாம். ஓட்டத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். நேரான பத்து மீட்டர் நீளத்தைக் குறித்து, பாதி மூழ்கி மிதக்கும் ஒரு பொருளை விட்டு, எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார்த்து, பத்து மீட்டரை அந்த நொடிகளால் வகுத்துக் கிடைக்கும் வேகத்தை வாய்க்காலின் குறுக்குப் பரப்பால் பெருக்குங்கள். மேல்நீர் அடிநீரைவிட வேகமாகப் போகும் என்பதால், கிடைத்த எண்ணை 0.85ஆல் பெருக்கிக்கொள்வது வழக்கம். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையில் மாதிரி எடுக்கத் தவறாதீர்கள். மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும் பாஸ்பரஸில் பெரும்பங்கு அந்தச் சில மணி நேரங்களில் வந்துவிடும். ஞாயிறு பதினொரு மணிக்கு அது காத்திருக்காது.

வயலைத் தவிர, வீட்டுக் கழிவுநீர், கால்நடைச் சாணம், சலவைநீர் என்று பல வழிகள் உண்டு. இன்னொரு வழியை ஊரில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அது ஏரியின் சொந்தச் சேறு. ஆக்சிஜன் இருக்கும் வரை சேற்றிலுள்ள இரும்பு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும்; அடியில் ஆக்சிஜன் அற்றுப்போனால் இரும்பு கரைந்து பாஸ்பேட்டையும் விட்டுவிடும். ஏரி ஆய்வாளர் மார்ட்டிமர் 1941-42இலேயே இங்கிலாந்து ஏரிகளில் இதைக் காட்டிவிட்டார். அடிநீரில் உங்களுக்கு ஆக்சிஜன் சுழியாக இருந்தால், இன்றைய பாசிக்கு இந்த ஆண்டு உரம் மட்டும் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. பல ஆண்டுகளாகச் சேர்ந்தது அடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கலாம்.

விலகி நிற்கும் இருவரையும் அவரவர் வயல் பக்கத்து வாய்க்காலுக்கே பொறுப்பாக்குங்கள் என்பது என் யோசனை. வாய்க்கால் வயலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மாதிரி, வெளியேறும் இடத்தில் ஒரு மாதிரி. தன் வயலின் கணக்கைத் தானே எடுப்பவர் அதன் முடிவைப் பழியாகப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் நான் பார்த்தவரை அப்படித்தான். முடிவு அவருக்கு எதிராக வந்தால்கூட, முதலில் அவருக்குத் தெரியட்டும், பிறகு பலகைக்கு வரட்டும்.

நீர்வேதியன்:

வாய்க்கால் அவர்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அடிநீர் மாதிரியை எடுக்கும்போது சென்சாரோ புட்டியோ சேற்றைத் தொட்டுவிட்டால் அந்த அளவு பயனற்றது. தரையிலிருந்து அரை மீட்டர் மேலே நிறுத்துங்கள். துடுப்பு அவர்கள் விங்க்லர் பற்றிச் சொன்ன எச்சரிக்கையை ஏற்கிறேன். ஆய்வக மேசையிலேயே காலம் கழித்தவனுக்குப் படகு ஆடுவது நினைவுக்கு வரவில்லை.

கரையோரன்:

ஒரு நாள் அளவீட்டை முடித்துவிட்டோம். மீட்டர் முதலில் ஈரப் பஞ்சுச் சோதனையில் 96 விழுக்காடு காட்டியது. சவ்வை மாற்றிய பிறகு 100க்கு வந்தது, சல்பைட் கரைசலில் 0.2க்கு இறங்கியது. அரை மீட்டர் ஆழத்தில் கிடைத்தவை இவை: பிற்பகல் மூன்று மணிக்கு 12.7, மாலை ஆறு மணிக்கு 11.9, இரவு ஒன்பது மணிக்கு 8.6, நள்ளிரவில் 5.8, அதிகாலை மூன்று மணிக்கு 3.4, ஐந்தேகால் மணிக்கு 1.9. அன்று வானம் தெளிவாகத்தான் இருந்தது. நான்கரை மீட்டர் ஆழத்தில் பகல், இரவு எந்நேரமும் 0.4க்கு மேல் ஏறவே இல்லை. மூன்று ஆண்டுகளாக முழங்கை ஆழத்தை மட்டும் அளந்து ஏரியை அளந்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

விங்க்லர் சோதனையை ஆசிரியை அம்மா மட்டும், கரையில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்தார். ஐந்தேகால் மணிக்கு மேல்நீர் புட்டியில் இளம் பழுப்பாகத் திரி இறங்கியது. தரம் பார்த்ததில் 1.7 வந்தது, மீட்டரோடு 0.2தான் வேறுபாடு. அடிநீர் புட்டியைக் கவிழ்த்தபோது டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைத் திரி சுழன்று இறங்குவதை ஆறேழு பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. விலகியிருந்த இருவரில் ஒருவரும் அங்கே இருந்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

சாடிச் சோதனையில் மேலே பச்சை ஏடு கட்டியிருக்கிறது. ஒரு புட்டியைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அதுவரை மதகுப் பக்கம் மாடுகளை இறக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டோம். பலகையிலிருந்து ‘நன்று’ அழிக்கப்பட்டது. பிற்பகல் எண்ணும் விடியல் எண்ணும், நேரத்தோடும் ஆழத்தோடும், பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அளவீட்டுத் தாளில் ‘கண்ணால் பார்த்தவை’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, அதை நிரப்பும் பொறுப்பை மீன் பிடிக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டோம்.

நான்கு வாய்க்கால்களில் இரண்டை அந்த விவசாயிகளே எடுத்துக்கொண்டார்கள். அமிலத்தில் கழுவிய புட்டிகள் வெற்று மாதிரிப் புட்டியோடு சேர்த்து வந்துசேர்ந்துவிட்டன. மழை இன்னும் வரவில்லை. முதல் மழையின் முடிவு கைக்குக் கிடைத்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.